குடும்பிகல மலைக்கு ஒருநாள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் உகந்தை முருகனிடம் ஒருமுறையாவது போகாத சைவக் குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அதே ரோட்டில், உகந்தைக்குச் சில கிலோமீற்றர் முன்னால், வலப்பக்கக் காட்டுக்குள் நிற்கும் மலைக்கு ஏறியவர்கள் மிகக் குறைவு. குடும்பிகல என்ற அந்த மலையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட குகைகள் இருக்கின்றன. பிக்குமார் இன்றும் தனித்திருந்து தியானம் செய்கிற ஆரண்ய மடம் இருக்கிறது. உச்சியில் நின்றால் காடும் கடலும் ஒரே பார்வைக்குள் வரும். களுவாஞ்சிக்குடியிலிருந்து நான் பல தடவை போய் வந்திருக்கிறேன். போவதற்கு முன் சொந்தக்காரரும் கூட்டாளிமாரும் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

குடும்பிகல என்பது நம்முடைய குடும்பிமலைதானா?

இல்லை. முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குடும்பிமலை மட்டக்களப்பு மாவட்டத்தில், கிரானுக்கு மேற்கே உள்நாட்டில் இருக்கிறது. சிங்களத்தில் அதைத் தொப்பிகல என்பார்கள். குடும்பிகல இருப்பது அம்பாறை மாவட்டத்தின் தெற்கு மூலையில், பாணமைக்கும் உகந்தைக்கும் நடுவில். சிங்களத்தில் ‘கல’ என்றால் கல், பாறை. இரண்டு பெயரிலும் ‘குடும்பி’ இருப்பதால் குழப்பம் வருவது இயல்பு. ஒருமுறை வான் பிடித்தபோது, விடிய நாலு மணிக்கு வந்து நின்ற தம்பி, “கிரான் பக்கமாத்தானே அண்ணன் போறது?” என்று கேட்டார். நாங்கள் போக வேண்டியதோ நேர் எதிர்த்திசையில். அதற்குப் பிறகு வாகனம் பேசும்போது மலையின் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டேன். “உகந்தைக்குப் போற வழி, பாணமை தாண்டி” என்றுதான் சொல்கிறேன். அது எல்லோருக்கும் விளங்கும்.

எவ்வளவு தூரம்? எந்த வழி?

வழி சுலபம். கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் என்று சுற்றி மட்டக்களப்பில் முடிகிற ஏ4 வீதியின் கடைசித் துண்டுதான் நம்முடைய கடற்கரை வீதி. கல்லடிப் பாலம் தாண்டி, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்று பொத்துவில் வரை அதே வீதி. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் சுமார் 110 கிலோமீற்றர். பொத்துவிலிலிருந்து அறுகம்பைப் பாலம் கடந்து பாணமைக்கு ஏறக்குறைய 15, அங்கிருந்து மலையடிவாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு என்று கணக்கு வையுங்கள். மொத்தம் 140 கிலோமீற்றரை ஒட்டி வரும்.

நேரக் கணக்கில் மட்டக்களப்பிலிருந்து மூன்றரை மணித்தியாலம், கல்முனையிலிருந்து இரண்டரை, அக்கரைப்பற்றிலிருந்து இரண்டுக்குள். அம்பாறை நகரிலிருந்து வருபவர்கள் அக்கரைப்பற்றுக்கு வந்து கடற்கரை வீதியைப் பிடிக்கலாம், அல்லது சியம்பலாண்டுவ போய் லாகுகல வழியாகப் பொத்துவிலுக்கு இறங்கலாம். இரண்டாவது வழியில் லாகுகல குளத்தருகே யானை பார்க்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் போகும்போது அந்த வழி வேண்டாம், நேரம் போய்விடும்.

பஸ்ஸில் போய் வர முடியுமா?

பொத்துவில் வரை பிரச்சினையே இல்லை. மட்டக்களப்பிலிருந்து நேராகவும் போகலாம், கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மாறியும் போகலாம். பாணமைக்கும் பஸ் இருக்கிறது, ஆனால் குறைவு. பாணமைக்கு அப்பால், உகந்தைத் திருவிழாக் காலம் தவிர, பஸ்ஸை நம்பி வெளிக்கிட வேண்டாம். பொத்துவிலிலோ பாணமையிலோ ஓட்டோ பிடித்து, போய்வரவும் நிற்கவும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். “இறக்கிவிட்டால் போதும்” என்று அனுப்பிவிட்டால் திரும்பி வர வாகனம் கிடைக்காது. அந்த ரோட்டில் பின்னேரம் நடப்பது யானைக் காட்டுக்குள் நடப்பதுதான். நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு வான் பிடிப்பதே மேல். மோட்டார் சைக்கிளில் போகும் இளைஞர்களும் உண்டு. போகலாம், ஆனால் பகல் வெளிச்சத்துக்குள் பாணமைக்குத் திரும்பிவிட வேண்டும்.

பாணமை தாண்டினால் கிரவல் பகுதிகள் வரும். மழைக்குப் பிறகு குழிகளில் தண்ணீர் நிற்கும், பள்ளம் தெரியாது. கார் போகும், ஆறுதலாகப் போக வேண்டும். பெற்றோலோ டீசலோ பொத்துவிலிலேயே அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது?

மாசி தொடங்கிச் சித்திரை வரை. மாரி ஓய்ந்து காடு பச்சையாக இருக்கும், குளங்களில் தண்ணீர் நிற்கும், வெயிலும் இன்னும் முற்றியிருக்காது. ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை நமக்கு வடகீழ்ப் பருவமழை. நனைந்த பாறையில் ஏறுவது ஆபத்து என்பதால் அந்த மாதங்களை நான் பெரும்பாலும் தவிர்க்கிறேன். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று. மேற்கிலிருந்து வருகிற அந்தச் சூட்டில் பாறை எப்படி இருக்கும் என்று நம் ஊராருக்கு விளக்கத் தேவையில்லை. அப்போதும் போகலாம், ஆனால் காலை ஒன்பதரைக்குள் இறங்கிவிட வேண்டும்.

ஆடி மாத உகந்தைத் திருவிழாவும் கதிர்காமப் பாதயாத்திரையும் நடக்கும் நாட்களில் ரோட்டில் சனம் நிறையும். அந்த நாட்களில் பஸ் வசதி கூடும், அமைதி குறையும். பௌர்ணமிப் போயா நாட்களில் சில் என்ற விரதம் அனுட்டிக்கும் பௌத்தர்கள் வெள்ளை உடுப்போடு வருவார்கள். கூட்டம் பிடிக்காதென்றால் சாதாரணக் கிழமை நாளைத் தெரிவுசெய்யுங்கள்.

எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும்?

மட்டக்களப்பிலிருந்து என்றால் விடியக்காலை நாலு மணி. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. “ஆறுதலா ஆறு மணிக்குப் போவம்” என்று யாராவது சொன்னால் அந்தப் பயணம் அங்கேயே கெட்டுப்போகும்.

காரணத்தைச் சொல்கிறேன். உச்சிப் பாறையில் தாதுகோபத்துக்கு (பௌத்தத் தூபிக்கு) அருகே செருப்பைக் கழற்றித்தான் போக வேண்டும். ஒரு வைகாசி மாதம், வழியில் ரீ குடிக்க நின்றது, படம் எடுக்க நின்றது என்று நேரம் போய், பதினொன்றரைக்குத்தான் நாங்கள் மலையடிக்குப் போய்ச் சேர்ந்தோம். மேலே ஏறிச் செருப்பைக் கழற்றி ஒரு காலை வைத்த தங்கச்சியின் மகன் வீரிட்டுக் கத்தினான். தூக்கிப் பார்த்தால் பாதம் சிவந்திருந்தது. போத்தல் தண்ணீரைக் காலில் ஊற்றி, சால்வையால் சுற்றி, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அன்றைக்கு யாரும் எதையும் பார்க்கவில்லை.

ஆகவே என் கணக்கு இதுதான்: நாலு மணிக்கு வெளிக்கிட்டால் சூரியன் கோமாரிப் பக்கம் கடலுக்கு மேலே வரும். ஏழரை எட்டுக்குள் மலையடி. பத்து மணிக்குள் உச்சி பார்த்து இறங்கிவிடலாம். அங்கிருந்து உகந்தை கிட்டத்தான். வெயில் உச்சிக்கு வருமுன் முருகன் சந்நிதியில் நிற்கலாம். சாப்பிட்டு, மர நிழலில் கொஞ்சம் சாய்ந்து, பின்னேரம் இரண்டரைக்குத் திரும்பினால் சங்கமன்கண்டிக் காட்டுப் பகுதியை வெளிச்சத்தோடு தாண்டிவிடலாம்.

ஏறுவது கஷ்டமா? வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாமா?

கூட்டிப் போகலாம். ஆனால் எல்லோரும் உச்சிக்கு ஏற வேண்டும் என்று நினைக்காதீர்கள். மலையின் கீழ்ப்பகுதியே பெரிய இடம். வாகனம் நிற்கும் இடத்திலிருந்து மரநிழல் பாதையில் நடந்து, பெரிய பாறைகளுக்கு இடையே புகுந்து, சுதர்சன குகை என்று சொல்லப்படும் முதன்மைக் குகைக்குப் போகலாம். முழங்கால் வலி உள்ளவர்களும் ஆறுதலாக நடந்தால் அதுவரை போவார்கள். உச்சி வேறு மாதிரி. அது மொட்டைப் பாறை. கல்லில் வெட்டிய படிகள் இருக்கின்றன, ஆனால் எல்லா இடத்திலும் பிடி இல்லை. சில இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். நல்ல கால் உள்ளவருக்கு அரை மணித்தியாலம் போதும்.

என் அம்மாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. குகைவரை வந்து, குளிர்ந்த தரையில் காலை நீட்டி இருந்துவிட்டு, “நான் இதிலேயே இருக்கிறன் மகன், நீங்க போயிட்டு வாங்க” என்றார். நாங்கள் இறங்கி வந்தபோது அம்மா கண்மூடி இருந்தார், முகம் தெளிந்திருந்தது. அவருக்கு எட்ட, ஒரு உபாசகப் பெண்மணி கூட்டுமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு அமர்ந்திருந்தார். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, அந்தப் பெண்மணிக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். ஒரு மணித்தியாலம் இருவரும் அப்படியே இருந்திருக்கிறார்கள். உச்சியில் கண்டதைவிட அம்மா அந்தக் குகையில் கண்டது அதிகம் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

சின்னப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, கையைப் பிடித்தால் உதறிவிட்டு ஓடுகிற வயதுப் பிள்ளையை மொட்டைப் பாறைக்குக் கொண்டுபோகாதீர்கள். வேலியில்லை. ஒருவர் கீழே நிற்க, மற்றவர் ஏறி வரலாம்.

அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

முதலில் குகைகள். இருநூறுக்கு மேற்பட்ட கற்குகைகள் இந்த மலைத்தொடரில் இருப்பதாகச் சொல்கிறார்கள். நாம் பார்ப்பது சிலவற்றைத்தான். குகை வாசலில் நின்று அண்ணாந்து நெற்றிப் பாறையைப் பாருங்கள். பாறையின் விளிம்பு நீளத்துக்கு ஒரு வரம்பு செதுக்கியிருக்கும். பார்வைக்கு அலங்காரம்போல இருக்கும், ஆனால் அது நீர்வடி விளிம்பு. மழை பெய்யும்போது பாறை முகத்தில் வழிந்து வரும் தண்ணீர் அந்த வெட்டில் வந்து தடைப்பட்டுச் சொட்டாக வெளியே விழும், உள்ளே வழியாது. அந்த ஒரு வெட்டுத்தான் வெறும் பாறைப் பொந்தை மனிதர் மாரிகாலம் முழுவதும் இருக்கக்கூடிய வீடாக்கியது. மாரி முடிந்த கையோடு போனபோது, வரம்புக்கு மேலே பாசி கறுப்பாகப் படர்ந்திருந்ததையும், அதற்குக் கீழே கல் வெளிறிக் காய்ந்து கிடந்ததையும் பார்த்தேன். கோடு கீறியதுபோல இருந்தது. இரண்டாயிரம் ஆண்டாக அந்த வெட்டு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

வரம்பின் கீழ் சில குகைகளில் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்த இவ்வகைக் குகைக் கல்வெட்டுகள் இலங்கை முழுவதும் உண்டு. பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் சொல்லும்: இன்னாருடைய குகை, நாற்றிசையிலிருந்தும் வந்த, இனி வரப்போகிற சங்கத்தாருக்கு அளிக்கப்பட்டது. ‘வந்தவருக்கும் வரப்போகிறவருக்கும்’ என்கிற அந்த வரி எனக்கு மிகவும் பிடிக்கும். எழுத்தைத் தொடாதீர்கள், சோக்குக் கட்டியால் மேலே கீறிப் படம் எடுக்காதீர்கள். கையின் எண்ணெயும் வியர்வையும் கல்லை அரிக்கும்.

இடையில் நீண்ட காலம் காட்டுக்குள் மறைந்து கிடந்த இந்த இடம், 1950களில் மீண்டும் ஆரண்ய மடமாக உயிர்பெற்றது. கிராமத்து விகாரைபோல விழாவும் பிரித் ஓதும் ஒலிபெருக்கியும் உள்ள இடமில்லை இது. காட்டில் தனித்திருந்து தியானிப்பதே இங்குள்ள பிக்குமாரின் வாழ்க்கை.

அப்புறம் உச்சி. மேலே உருளை வடிவத்தில் ஒரு தாதுகோபம் நிற்கிறது. நாம் எங்கும் பார்க்கிற மணிபோன்ற, நீர்க்குமிழிபோன்ற வடிவமில்லை, தூண்போல நேராக எழும்பும். இலங்கையில் இது மிக அரிதான வடிவம். அதன் அடியில் நின்று கிழக்கே பார்த்தால் கடல் ஒரு நீலக் கோடு. தெற்கே குமன வரை விரிந்த காடு, நடுநடுவே பளபளக்கும் வில்லுகள் என்ற நீர்நிலைகள், ஆங்காங்கே யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோலப் பாறைகள். ஆடி மாதப் பாதயாத்திரைக்காரர் அந்தக் காட்டுக்குள்தான் இறங்கி நடக்கிறார்கள். நானும் இரண்டு தடவை அதற்குள்ளால் கதிர்காமத்துக்கு நடந்திருக்கிறேன். நடக்கும்போது முன்னால் போகிறவரின் முதுகும் முள்ளும் மணலும்தான் தெரியும். நான் நடந்த வழி இவ்வளவு பெரிய காட்டுக்குள்ளா போனது என்று மலை ஏறிய அன்றுதான் கண்ணால் கண்டேன்.

நாங்கள் சைவர்கள், இஸ்லாமியர்கள், கிறிஸ்தவர்கள். போகலாமா? யாரும் ஏதும் சொல்வார்களா?

தாராளமாகப் போகலாம். கிழக்கில் இருக்கும் நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. கோயில், விகாரை, தொல்பொருள் நிலம் என்று இந்த மாகாணத்தில் மனக்கசப்புகள் நிறைய. ஆனால் குடும்பிகலவில் எனக்கோ என்னோடு வந்தவர்களுக்கோ ஒரு முகச்சுளிப்புக்கூடக் கிடைத்ததில்லை. ஒரு வயதான ஹாமதுரு (பிக்கு) எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். சொன்னதும், “கனதூரம்” என்று தமிழிலேயே சொல்லி, தண்ணீர்ப் பானையைக் காட்டினார்.

வழியிலுள்ள பாணமைக் கிராமத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். சிங்களமும் தமிழும் கலியாண உறவால் தலைமுறை தலைமுறையாகக் கலந்த ஊர் அது. அங்கே பத்தினித் தெய்வம் என்று வணங்கப்படுபவள் நம்முடைய கண்ணகி அம்மன்தான். நம் ஊர்களில் கண்ணகிக்காக ஆடும் கொம்பு விளையாட்டு அங்கேயும் உண்டு. அந்த ஊரைக் கடந்து மலைக்குப் போகும்போது அந்நிய இடத்துக்குப் போவதாக எனக்குத் தோன்றுவதில்லை.

எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

இது மற்றவர்கள் தவம் செய்யும் வீடு என்ற நினைவு இருந்தால் பாதி சரியாகிவிடும். குரலைத் தாழ்த்துங்கள். காட்டுக்குள் பேச்சு நெடுந்தூரம் போகும், பாறையில் பட்டுத் திரும்பும். கைத்தொலைபேசியில் பாட்டுப் போடாதீர்கள். கிளைப்பாதைகளில் சங்கிலியோ மறிப்போ ஒரு தடியோ குறுக்கே இருந்தால் அதற்கப்பால் ஒரு பிக்கு தியானத்தில் இருக்கிறார் என்று பொருள், எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்.

விகாரை, தாதுகோபம், புத்தர் சிலை உள்ள குகை ஆகியவற்றுக்குள் செருப்பு, தொப்பி கூடாது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுப்பதைப் பௌத்தர்கள் பெரிய அவமதிப்பாகக் கொள்வார்கள். இதற்காக நாட்டில் ஆட்கள் பொலிசுவரை போயிருக்கிறார்கள். படம் வேண்டுமென்றால் பக்கவாட்டில் நின்று எடுங்கள். புத்தர் உருவம் போட்ட உடுப்பும் வேண்டாம். பிக்குவைக் கண்டால் கைகூப்பலாம், அல்லது ஒதுங்கித் தலை தாழ்த்தினால் போதும். பெண்கள் பிக்குவிடம் எதையும் கைக்குக் கை கொடுப்பதைத் தவிர்த்து, அருகில் வைத்துவிடலாம். டிரோன் கொண்டுபோகவே வேண்டாம். அங்கே இருப்பவர்களின் அமைதிக்கும் கேடு, பறவைகளுக்கும் கேடு.

என்ன உடுத்துவது?

தோளும் முழங்காலும் மூடிய, வெளிர் நிறப் பருத்தி உடுப்பு. பெண்களுக்குச் சல்வார் வசதி. சேலையில் பாறை ஏறுவது கடினம். கழற்றிப் போட இலகுவான, ஆனால் பிடிப்புள்ள செருப்புப் போடுங்கள். பையில் தடித்த சொக்ஸ் ஒரு சோடி வையுங்கள். மேலே செருப்பைக் கழற்றியதும் அதைப் போட்டுக்கொண்டால் சூடு தாங்கலாம்.

பிக்குமாருக்குத் தானம் கொடுக்கலாமா? நுழைவுக் கட்டணம் உண்டா?

மலை குமன தேசியப் பூங்காவின் வாசலுக்கு இப்பால் இருப்பதால் பூங்காவின் டிக்கெட் இதற்குத் தேவையில்லை. காணிக்கைப் பெட்டியில் மனம்போல் போடலாம். தானம் கொடுக்க விருப்பமென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மத்தியானத்துக்குப் பின் பிக்குமார் உணவு உண்பதில்லை. பன்னிரண்டரைக்குச் சோற்றுப் பார்சலை நீட்டினால் அவர்களையும் சங்கடப்படுத்தி நாமும் சங்கடப்படுவோம். சமைத்த தானம் முன்கூட்டியே பேசி நாள் குறித்துச் செய்வது. ஒருநாள் பயணத்தில் போகும் நமக்கு அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, சவர்க்காரம், மெழுகுதிரி போன்றவை பொருத்தம். என் மனைவி ஒவ்வொரு முறையும் ஒரு பை அரிசியும் கட்டுத் தேங்காயும் கொண்டுபோவார். குகை பெருக்கும் அந்தப் பெண்மணிக்கும் தனியாக ஒரு பொதி வைத்திருப்பார்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

காலைச் சாப்பாட்டை வீட்டிலேயே கட்டுங்கள். இடியப்பமும் சம்பலும், அல்லது புட்டும் வாழைப்பழமும் போதும். அறுகம்பையில் கடைகள் இருந்தாலும் நாம் போகும் நேரத்தில் எல்லாம் திறந்திருக்காது. மலையிலும் உகந்தையிலும் மச்சம் மாமிசம் வேண்டாம், சாராயம் கிட்டவும் வேண்டாம். மத்தியானத்துக்குத் தயிர்ச்சாதமோ புளிச்சாதமோ வாழையிலையில் கட்டினால் பின்னேரம் வரை பழுதாகாது. மீன் சாப்பாடு வேண்டுமென்பவர்கள் திரும்பும்போது பொத்துவிலிலோ அக்கரைப்பற்றிலோ சாப்பிடட்டும். அந்தச் சாப்பாட்டுக் கடைகளின் மீன் குழம்புக்காகவே நான் பசியோடு வருவதுண்டு.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர். அது கூடிப்போச்சு என்பார்கள், ஆனால் இறங்கும்போது போத்தல் காலியாகத்தான் இருக்கும். குரங்குகள் பையை அறிந்தவை, சாப்பாட்டை வாகனத்துக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போங்கள். கொண்டுபோகும் பொலித்தீன் எல்லாம் திரும்ப வீட்டுக்கு வர வேண்டும். பொலித்தீன் தின்று செத்த மானையும் யானையையும் பற்றிக் கேட்டவர்கள் அங்கே ஒரு லஞ்ச் சீற்றைக்கூட எறியமாட்டார்கள்.

யானை, கரடி பயம் இல்லையா?

பயம் இருக்கட்டும், அது நல்லது. குமனக் காடும் லாகுகலக் காடும் இருக்கும் பக்கம் இது. யானை, சிறுத்தை, கரடி எல்லாம் உண்டு. பகலில், கூட்டமாக, பாதையில் நடந்தால் பெரும்பாலும் எதையும் காணமாட்டீர்கள். ரோட்டில் யானை நின்றால் திருப்பி எடுக்க இடம் விட்டுத் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹோர்ன் வேண்டாம், லைட் அடிக்க வேண்டாம், இறங்கிப் படம் எடுக்கவே வேண்டாம். அது போக வேண்டிய நேரத்தில் போகும். வாழைப்பழம் நீட்டிப் பழக்கியவர்களால்தான் இன்று சில யானைகள் வாகனத்தை மறிக்கின்றன.

யானையைவிட நான் அஞ்சுவது குளவிக்கு. பாறை இடுக்குகளில் கூடு இருக்கும். சத்தம், புகை, கடும் வாசனை மூன்றும் அதைக் கிளப்பும். கற்பூரம், சாம்பிராணி கொளுத்தும் நம் பழக்கத்தை உகந்தைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்ற் அடிப்பதையும் அன்று ஒருநாள் விட்டுவிடுங்கள். அவசரமென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கிட்டிய பெரிய ஆஸ்பத்திரி பொத்துவில் ஆதார வைத்தியசாலை. ஆனால் காட்டுப் பகுதியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், ஆகவே ஒருவர் எப்போதும் வாகனத்தை எடுக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும்.

அதே நாளில் உகந்தையும் குமனவும் பார்க்கலாமா?

உகந்தை கட்டாயம். முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்து கரையேறிய இடம் என்பது ஐதீகம். கடற்கரையில் ஓடம்போன்ற பாறையைக் காட்டுவார்கள். கோயிலுக்குப் பக்கத்துப் பாறை மலையில் வள்ளியம்மன் கோயிலும் கல்லில் அமைந்த சுனைகளும் உண்டு. காலையில் ஒரு மலை ஏறியவர்களுக்கு அது சின்ன ஏற்றம்தான். கடலில் குளிக்க வேண்டாம், அந்தப் பக்கம் அலையும் இழுவையும் பொல்லாதவை.

குமன தேசியப் பூங்காவின் வாசல் உகந்தையில்தான் இருக்கிறது. ஆனால் சபாரி போவதற்கு அரைநாள் வேண்டும், ஜீப்பும் டிக்கெட்டும் தனிச் செலவு. அதை இந்த நாளோடு சேர்த்தால் மூன்றும் கெடும். குமன வில்லில் பறவைகள் கூடுகட்டுவது ஏப்ரல் முதல் ஜூலை வரை. அதற்கென்று இன்னொரு நாள் போங்கள், முதல்நாள் இரவு பொத்துவிலிலோ பாணமையிலோ தங்கினால் விடியற்காலையில் உள்ளே போகலாம்.

போகிற வழியில் மழை பிடித்துவிட்டால்?

பொத்துவிலில் தூறலென்றால் போங்கள், குகைவரை பார்க்கலாம், மழை நாளில் நீர்வடி விளிம்பு வேலை செய்வதையும் நேரில் காணலாம். உச்சியை மட்டும் விட்டுவிடுங்கள். இடி கேட்டால் மொட்டைப் பாறையில் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது. ஏறும்போதே பாறை ஈரமென்றால் திரும்புங்கள், ஏறிய பின் நனைந்தால் குந்தியிருந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்குங்கள். போன மார்கழியில் மச்சானின் பிள்ளைகளோடு பாதி வழியில் திரும்பினோம். குகை வாசலில் அரை மணித்தியாலம் நின்று, வரம்பிலிருந்து மணிமணியாகத் தண்ணீர் விழுவதை ஐந்து பிள்ளைகளும் கைநீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உச்சிக்குப் போக மாசியில் திரும்ப வருவதென்று அங்கேயே நாள் குறித்துக்கொண்டோம்.